பெஞ்சை நீட்டினால் வருமானம் நீளுமா?



வரிசையில் நிற்காத ஆள் நம்மில் யாராவது உண்டா? ரேஷன் கடையில் நின்றோம். அட்மிஷனுக்குச் சர்டிபிகேட் வாங்க தாலுகா ஆபீசில் நின்றோம். ரெக்கார்டு நோட்டு வைக்க வேண்டிய கடைசி நாளில் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றோம். நின்று நின்று கால் வலித்ததுதான் மிச்சம். அந்த வரிசை ஏன் அப்படி நீள்கிறது என்று நாம் யோசித்ததே இல்லை.

யோசித்த ஒரு மனிதர் இருந்தார். டென்மார்க் நாட்டுக்காரர். பெயர் எர்லாங். 1908ல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்சில் ஒருவர் போன் செய்யும்போது எல்லா லைனும் பேச்சில் இருந்தால் அந்த அழைப்பு தவறிப் போகும். எத்தனை லைன் போட்டால் எத்தனை அழைப்பு தவறும்? அதிகமாகப் போட்டால் கம்பெனிக்கு நஷ்டம், குறைவாகப் போட்டால் ஜனங்களுக்குக் கஷ்டம். இந்தக் கேள்விக்குக் கணக்கு போட்டு 1909ல் முதல் கட்டுரையும், 1917ல் தவறும் அழைப்புக்கான சூத்திரத்தையும் கொடுத்தார். இன்றைக்கும் டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் அலகுக்குப் பெயரே 'எர்லாங்'தான். வரிசைக் கோட்பாடு என்ற பெரிய துறை பிறந்தது இப்படி.

இதை ஏன் ஆண்டு மலரில் எழுதுகிறான் என்று கேட்கிறீர்களா? காரணம் உண்டு. நம் நூலகத்தில் இருக்கும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். வரிசைப் பாடத்தில் ஒரு கணக்கு தவறாமல் வரும். ஒரு சலூன். ஒரு முடிதிருத்துபவர். காத்திருக்க இத்தனை நாற்காலி. நாற்காலி நிரம்பியிருந்தால் வருகிறவர் திரும்பிப் போய்விடுவார். எத்தனை பேர் திரும்புவார்கள்?

எங்கள் அப்பா அருப்புக்கோட்டையில் சலூன் வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பு தாண்டிய முதல் ஆள் நான். சலூன்காரர் மகன் என்றால் சிலர் முகம் போகிற போக்கு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புத்தகத்தில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியும் எங்கள் அப்பா கடையும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே கணக்குதான். கணக்குக்கு மேல் கீழ் தெரியாது!

நான் இங்கே சொல்ல வருவது ஒரே ஒரு கருத்து. இடம் குறைவாக உள்ள சின்னக் கடைகளில், கூட்டம் அதிகமானால் எல்லோரும் முதலில் நினைப்பது உட்காரும் இடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பதைத்தான். அது பெரும்பாலும் வீண் செலவு. போட வேண்டிய பணத்தை பெஞ்சில் போடாதீர்கள், வேலை செய்யும் கையில் போடுங்கள். இதை நிரூபிக்கப் பெரிய கணக்கு வேண்டாம். கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

கடையும் கணக்கும்

எங்கள் கடை பத்தடிக்கு எட்டடி. ஒரு சுழல் நாற்காலி, எதிரே மூன்று பேர் உட்காரும் பெஞ்சு. ஆக மொத்தம் நாலு பேருக்கு இடம். ஐந்தாவது ஆள் எட்டிப் பார்ப்பார், "பொறவு வாரேண்ணே" என்பார், போய்விடுவார். பிறகு வருகிறவர் சிலர். அடுத்த தெருக் கடைக்குப் போகிறவர் பலர்.

போன கோடை லீவில் நாலு ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். காலை 6 மணி முதல் மதியம் 2 மணி வரை. எங்கள் ஊரில் ஸ்பின்னிங் மில் ஆட்கள் அதிகம், அவர்களில் பாதிப் பேருக்கு ஞாயிறுதான் வசதி. சராசரியாக மணிக்கு 6 பேர் வாசல் மிதித்தார்கள். அப்பாவுக்கு ஒரு தலைக்கு 20 நிமிஷம், அதாவது மணிக்கு 3 பேர்.

நான் எண்ணுவதைப் பார்த்து அப்பா சிரித்தார். "திரும்பிப் போறவனை எண்ணி என்னடா ஆகப்போகுது? வந்து உக்காந்தவனைக் கவனி" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் தோழர்களே, நஷ்டம் ஒளிந்திருப்பது அங்கேதான். முடிவெட்டியவர் கொடுத்த காசு கல்லாவில் தெரியும். திரும்பிப் போனவர் எந்தக் கல்லாவிலும் தெரியமாட்டார். எந்த நோட்டிலும் அவர் பெயர் வராது. வராத காசுக்கு யார் கணக்கு வைப்பார்கள்?

இப்போது கணக்குக்கு வருவோம். கடைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஓர் ஏணியாக நினைத்துக்கொள்ளுங்கள். 0, 1, 2, 3, 4 என்று ஐந்து படி. ஒருவர் உள்ளே வந்தால் ஒரு படி ஏறும், ஒருவர் வேலை முடிந்து போனால் ஒரு படி இறங்கும். நாள் முழுக்கப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு நடுவே ஏறிய தடவையும் இறங்கிய தடவையும் சரிசமமாகத்தான் இருக்கும். ஏறினது இறங்கித்தானே ஆக வேண்டும்? ஞாயிறன்று ஏறும் வேகம் மணிக்கு 6, இறங்கும் வேகம் மணிக்கு 3. இரண்டும் சமமாக வேண்டுமானால், கீழ்ப்படியில் கழியும் நேரத்தைப் போல் இரண்டு மடங்கு நேரம் மேல்படியில் கழிய வேண்டும்.

ஆக, ஐந்து படிகளுக்கும் பங்கு 1, 2, 4, 8, 16. கூட்டினால் 31. கடை நிரம்பி வழியும் கடைசிப் படியின் பங்கு 31ல் 16. அதாவது வருகிற நூறு பேரில் 52 பேர் திரும்பிப் போகிறார்கள்! மணிக்கு 6 பேர் வந்தும் வேலை நடப்பது 2.9 பேருக்குத்தான். 8 மணி நேரத்தில் சுமார் 23 தலை. நான் நோட்டில் போட்ட கோடுகளும் ஏறக்குறைய இதையே சொல்லின.

1953ல் கெண்டால் என்ற ஆங்கிலேயர் வரிசைகளுக்கெல்லாம் எழுத்தால் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இடத்தின் அளவையும் அதில் சேர்த்தார்கள். அந்த முறைப்படி எங்கள் கடையின் பெயர் 'எம்/எம்/1/4'. அப்பா பெயின்டரை வைத்து எழுதிய போர்டில் இந்தப் பெயர் இல்லை, அவ்வளவுதான்!

பெஞ்சை நீட்டினால்?

பக்கத்து அறை காலியாக இருக்கிறது. வருகிற தை மாதம் அதை வாடகைக்கு எடுத்து, நடுச்சுவரை இடித்து, மெத்தை வைத்த சீட்டு மூன்று போடலாம் என்பது அப்பாவின் திட்டம். அட்வான்சுக்கு வட்டிக்கு வாங்கவும் ஆள் பார்த்துவிட்டார். கூட்டம் திரும்பிப் போவது அவர் கண்ணுக்கும் தெரியாமல் இல்லை. அதற்கு அவர் கண்ட வைத்தியம் இது.

கணக்கு என்ன சொல்கிறது? மூன்று சீட்டு கூடினால் மொத்த இடம் ஏழு. ஏணிக்கு எட்டுப் படி. பங்குகள் 1, 2, 4, 8, 16, 32, 64, 128. கூட்டினால் 255. கடைசிப் படி 255ல் 128. அதாவது நூற்றுக்கு 50 பேர் அப்போதும் திரும்பிப் போவார்கள். 52 ஆக இருந்தது 50 ஆனது. இவ்வளவுதான் லாபம்!

மணிக்கு 2.90 பேருக்கு நடந்த வேலை 2.99 பேருக்கு நடக்கும். 8 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரு முழுத் தலைகூடக் கூடாது, முக்கால் தலைதான் கூடும். தலைக்கு 100 ரூபாய் என்று வைத்தால் ஒரு ஞாயிறுக்கு 70 ரூபாய். அதில் பக்கத்து அறை வாடகையும் வட்டியும் கட்ட முடியுமா?

இதோடு போகவில்லை. அமெரிக்கரான ஜான் லிட்டில் 1961ல் நிரூபித்த ஓர் எளிய விதி இருக்கிறது. உள்ளே சராசரியாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை, மணிக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள் என்பதால் வகுத்தால், ஒருவர் உள்ளே இருக்கும் நேரம் கிடைக்கும். பழைய பெஞ்சில் சராசரி 3.16 பேர். 2.90 ஆல் வகுத்தால் 65 நிமிஷம். வெட்டும் 20 நிமிஷம் போக, 45 நிமிஷம் காத்திருப்பு. நீட்டிய பெஞ்சில் சராசரி 6.03 பேர். வகுத்தால் 121 நிமிஷம். வெட்டும் நேரம் போக 101 நிமிஷம் காத்திருப்பு! பெஞ்சை நீட்டினோம், காத்திருப்பு ஒன்றுக்கு இரண்டாக நீண்டது. வருமானம் நீளவில்லை.

காரணம் ரொம்ப எளிமை. ஒரு நாற்காலியில் மணிக்கு மூன்று தலைதான் வெட்ட முடியும். வாசலில் திருவிழாக் கூட்டமே நின்றாலும் மூன்றுதான். சின்ன வாய்க்குப் பெரிய குடம் வைத்தால் தண்ணீர் வேகமாக ஊற்றுமா?

கையைக் கூட்டினால்?

பக்கத்து அறை வேண்டாம். சுவரை இடிக்க வேண்டாம். இருக்கிற பத்தடிக்கு எட்டடியிலேயே பெஞ்சில் ஓர் இடத்தைக் குறைத்து, அந்த இடத்தில் இரண்டாவது நாற்காலியைப் போட்டால் என்ன ஆகும்? இப்போது இரண்டு பேர் வெட்டுவார்கள், இரண்டு பேர் காத்திருக்கலாம். மொத்த இடம் அதே நாலுதான். உட்காரும் இடம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது!

முதல் படியில் ஏறும் வேகம் 6, இறங்கும் வேகம் 3. அதற்கு மேல் இரண்டு கை வேலை செய்வதால் இறங்கும் வேகமும் 6. ஆக, பங்குகள் 1, 2, 2, 2, 2. கூட்டினால் 9. கடைசிப் படி 9ல் 2. நூற்றுக்கு 22 பேர்தான் திரும்புவார்கள். 52 எங்கே, 22 எங்கே! மணிக்கு 4.67 பேருக்கு வேலை நடக்கும். 8 மணி நேரத்தில் 37 தலை. முன்பு 23. காத்திருக்கும் நேரம் 45 நிமிஷத்திலிருந்து 9 நிமிஷத்துக்கு வந்துவிடும்.

"வேலைக்கு வர்றவனுக்குப் பங்கு யாரு குடுக்கிறது?" என்று அப்பா கேட்டார். எங்கள் தொழிலில் அவர் வெட்டுகிற தலைக்குப் பாதிக்குப் பாதி பங்கு. அதையும் போட்டுப் பார்த்தேன். முன்பு 23 தலைக்கு 2,300 ரூபாய், எல்லாம் அப்பாவுக்கு. இப்போது 37 தலைக்கு 3,700 ரூபாய். அதில் பாதித் தலையைத் துணைக்கு வந்தவர் வெட்டினால் 1,850 ரூபாய் வேலை, அவர் பங்கு 925. கடைக்கு மிச்சம் 2,775. ஒரு ஞாயிறுக்கு 475 ரூபாய் கூடுதல்.

இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. முன்பு அப்பா ஒருவரே 23 தலை வெட்டினார். இப்போது அவர் பங்குக்கு 18, 19 தலைதான். ராத்திரி வீட்டுக்கு வந்து காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் மனிதருக்கு, நாலு தலை குறைவாக நின்று 475 ரூபாய் அதிகமாகக் கிடைக்கிறது என்றால், அது சும்மா விஷயமா?

சில மறுப்புகள்

"சரி தம்பி, கிழமை நாளில் ரெண்டாவது ஆளுக்கு வேலை இருக்குமா?" என்று கேட்பீர்கள். இருக்காது. புதன், வியாழனில் மணிக்கு ஒன்றரைப் பேர் வந்தால் அதிகம். அப்போது ஏணிப் பங்குகள் தலைகீழாகிவிடும்: 16, 8, 4, 2, 1. கடையில் ஆளே இல்லாத நேரம் 31ல் 16. ஞாயிறன்று திரும்பிப் போகிறவர் பங்கு எவ்வளவோ, புதனன்று அப்பா சும்மா பேப்பர் பார்க்கும் நேரமும் அவ்வளவே! ஆகவே துணை ஆள் ஞாயிறு மட்டும் போதும். கிழமை நாளில் வரும் நூறு பேரில் 3 பேர்தான் திரும்புகிறார்கள். பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், கடை வைத்திருப்பவர்கள், காலேஜ் லீவில் இருக்கும் நாம், இவர்களெல்லாம் ஞாயிறு வந்தால் இரண்டில் ஒருவர் திரும்புவோம். புதன் வந்தால் 31 பேரில் 30 பேருக்கு இடம் உண்டு. வாடிக்கைக்காரர்களிடம் இதை வாய்விட்டுச் சொன்னாலே பாதிப் பேர் கேட்பார்கள்.

"போனில் நேரம் சொல்லிவிட்டு வரச் சொல்லலாமே, வாட்ஸ்ஆப் எதற்கு இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்டார்கள். நல்ல யோசனைதான், காத்திருப்பவர் தன் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பார். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். அதுவும் நீட்டிய பெஞ்சுதான். ஊர் முழுக்கப் பெஞ்சு போட்டாலும் ஒரு நாற்காலிக்கு மணிக்கு மூன்று தலை என்ற கணக்கு மாறாது. போன் ஏற்பாடு ஞாயிற்றுக் கூட்டத்தைப் புதனுக்கு நகர்த்தினால் லாபம். நகர்த்தாவிட்டால் காத்திருக்கும் இடம் மாறும், அவ்வளவுதான்.

"இந்தச் சூத்திரத்தில் அனுமானங்கள் அதிகம்" என்று கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மை. சேவிங் செய்யும் நேரமும் கட்டிங் செய்யும் நேரமும் சூத்திரம் நினைக்கிற அளவுக்கு ஏறி இறங்காது. ஆட்கள் எட்டு மணி நேரமும் ஒரே வேகத்தில் வரமாட்டார்கள். எட்டுப் பத்து மணிக்கு நெருக்கம், பன்னிரண்டுக்கு மேல் தளர்ச்சி. ஆகவே 52 என்பது கொஞ்சம் குறையலாம், கொஞ்சம் கூடலாம். ஆனால் பெஞ்சா, கையா என்ற கேள்விக்கு விடை மாறாது. ஏனென்றால் மணிக்கு ஆறு பேர் வந்து மூன்று பேருக்கு வேலை நடக்கும் கடையில், பாதிப் பேர் எப்படியும் மிச்சம்தான். அதற்குச் சூத்திரமே வேண்டாம்!

அப்பா சொன்ன மறுப்புதான் எல்லாவற்றிலும் கனமானது. "கூட்டம் இருக்கிற கடைக்குத்தாண்டா கூட்டம் வரும். காலியா இருந்தா கைராசி இல்லேன்னு போயிருவான்." இதை எந்த எர்லாங்கும் எழுதவில்லை. இதில் அனுபவம் பேசுகிறது. நான் சொல்வது, கூட்டம் தெரிய இரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தாலே போதும் என்பதுதான். கூட்டம் என்பது காத்திருப்பவர் மட்டுமா? வெட்டிக்கொண்டிருப்பவரும் கூட்டம்தானே?

கணக்கும் பெரியவர்களும்

கணக்கு எப்போதும் பெரியவர்களுக்கு எதிராகத்தான் பேசும் என்று நினைக்காதீர்கள். எங்கள் கடைப் பெஞ்சில் முடிவெட்டாமல் பேப்பர் படிக்க மட்டும் வருகிற பெரியவர் ஒருவர் உண்டு. தலைப்புச் செய்தியில் ஆரம்பித்து கிரிக்கெட் வரைக்கும் வாய்விட்டுப் படிப்பார். தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். வியாபார நேரத்தில் இடத்தை அடைக்கிறாரே, சொல்லி அனுப்பலாமே என்று எனக்குத் தோன்றியதுண்டு. அப்பா ஒருநாளும் அனுப்பவில்லை.

அந்த ஓர் இடத்தைக் கழித்தும் கணக்கு போட்டேன். மொத்த இடம் மூன்று. பங்குகள் 1, 2, 4, 8. கூட்டினால் 15. மணிக்கு 2.90 என்பது 2.80 ஆகிறது. நாள் முழுக்க ஒரு தலைகூட நஷ்டமில்லை! பெஞ்சைக் கூட்டினாலும் பெரிய லாபம் இல்லை, குறைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை என்பதால், அந்த இடத்தை ஒரு பெரியவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். அப்பா கணக்கு போடாமலே இதைச் செய்து வந்திருக்கிறார்.

காத்திருப்பது என்றால் நிமிஷம் மட்டுமில்லை என்பதற்குத் தூத்துக்குடியில் ஓர் உதாரணம் இருக்கிறது. பொன் மாரியப்பன் என்பவர் தன் சலூனிலேயே நூலகம் வைத்திருப்பதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 2020 அக்டோபரில் பிரதமர் 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியில் அவரோடு பேசினார். காத்திருப்பவர் கையில் ஒரு புத்தகம் இருந்தால் 20 நிமிஷம் 20 நிமிஷமாகத் தெரியாது. சூத்திரத்தில் இதற்கு இடம் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது. ஆகவே பெஞ்சுக்குச் செலவழித்தே தீர வேண்டுமென்றால், அதை நீட்டச் செலவழிக்காதீர்கள். இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தவர் சலிக்காமல் இருக்கச் செலவழியுங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

தோழர்களே! டிப்ளமோ முடித்ததும் ஹொசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறுவது பற்றித்தான் நம் பேச்செல்லாம். தவறில்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. பெரிய கம்பெனியில் கன்வேயர் பெல்ட் எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள். நம் அப்பா, அம்மா, மாமா நடத்தும் கடைகளுக்கு யார் கண்டுபிடித்துச் சொல்வார்கள்? பஞ்சர் கடை, மாவு மில், தையல் கடை, ஜெராக்ஸ் கடை, இட்லிக் கடை... இவையெல்லாம் இடம் குறைந்த, கை குறைந்த, கடன் நிறைந்த இடங்கள். ஒரு கம்பெனி தவறான இடத்தில் பணம் போட்டால் அடுத்த வருஷம் சரி செய்துகொள்ளும். வட்டிக்கு வாங்கிச் சுவரை இடித்தவர் என்ன செய்வார்? அடுத்த தை வந்தாலும் வட்டி நிற்காது.

எல்லாக் கடைக்கும் ஒரே விடைதான் என்றும் நான் சொல்லவில்லை. வருகிற வேகமும் வேலை வேகமும் சமமாக இருக்கும் கடையில், மணிக்கு மூன்று பேர் வந்து மூன்று பேருக்கு வேலை நடக்கும் கடையில், ஐந்து படிக்கும் ஒரே பங்கு. திரும்புகிறவர் ஐந்தில் ஒருவர். அங்கே மூன்று சீட்டு போட்டால் எட்டில் ஒருவர் ஆவார். கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் காத்திருப்பு 30 நிமிஷத்திலிருந்து 60 நிமிஷமாகும். எது நல்லது என்று கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். நம் வேலை எண்ணிச் சொல்வது.

எண்ணுவதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நாலு கட்டம் போடுங்கள்: வந்தவர், உட்கார்ந்தவர், திரும்பியவர், ஒருவருக்கு வேலை ஆகும் நேரம். மூன்றாவது கட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்ற மூன்றும் கடைக்காரருக்கே ஓரளவு தெரியும். மூன்றாவது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் கத்தரியையோ கரண்டியையோ ஸ்பானரையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்று. வருஷா வருஷம் சிம்போசியம் நடத்துகிறோம், கோலப் போட்டி நடத்துகிறோம். அடுத்த வருஷம் இதையும் சேர்த்துக்கொள்வோம். விருப்பமுள்ள மாணவர் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்னக் கடையில் நாலு ஞாயிறு உட்கார்ந்து எண்ணட்டும். கணக்கு போடுவதில் துறை ஆசிரியர்கள் உதவட்டும். கிடைத்த விடையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, கடைக்காரர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லட்டும். ஏற்பதும் ஏற்காததும் அவர் விருப்பம். ஆனால் கடன் பத்திரத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைக்கும் முன் அந்த ஒரு பக்கம் அவர் கண்ணில் பட வேண்டும்.

எங்கள் வீட்டு முதல் ஒரு பக்கத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது.

எண்ணுவோம்! எண்ணியதைச் சொல்வோம்!

- மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை